டிவிக்கு ஸ்ட்ரீமிங் கருவி: பல வருடம் தாங்குவதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேள்வி இதுதான்: டிவியில் படம் இன்னும் நன்றாகத் தெரிகிறது, ஆனால் அதிலேயே வந்த ஆப்கள் மெதுவாகிவிட்டன, ஒன்றிரண்டு திறப்பதே இல்லை. புது டிவி வாங்காமல், இணையத்திலிருந்து படத்தை எடுத்து டிவியில் காட்டும் ஒரு ஸ்ட்ரீமிங் கருவியை வெளியே மாட்டினால் போதுமா? ஐந்தாறு வருடம் தொந்தரவில்லாமல் ஓடக்கூடியது எது? டிவியின் ஹெச்டிஎம்ஐ துளையில் நேராகச் செருகும் ஸ்டிக்கா, தனியாக வைக்கும் பெட்டியா? பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ் வாங்கலாமா?

முதல் கேள்விக்குப் பதில், தாராளமாகப் போதும். டிவியின் திரை பத்து வருடம்கூட நன்றாக உழைக்கும். உள்ளே இருக்கும் சிப்பும் மென்பொருளும்தான் அத்தனை நாள் ஈடுகொடுப்பதில்லை. 2019 டிசம்பரில் சாம்சங்கின் 2010, 2011 மாடல் டிவிகள் சிலவற்றில் நெட்ஃபிளிக்ஸ் நின்றுபோனது. அந்த டிவிகளின் திரைக்கு எந்தக் குறையும் வரவில்லை. வெளியே ஒரு கருவி மாட்டிவிட்டால் திரை தன் போக்கில் உழைத்துக்கொண்டிருக்கும். மென்பொருள் பழசானால் சின்னக் கருவியை மட்டும் மாற்றினால் போதும். நல்ல திரையைத் தூக்கிப் போடவேண்டிய அவசியமே இல்லை.

இனி, எது நீடிக்கும் என்ற கேள்வி. கடைகளில் 4கே, டால்பி, எத்தனை ஜிபி என்று அடுக்குவார்கள். அதெல்லாம் இரண்டாவது. முதலில் பார்க்கவேண்டியது, இதைச் செய்த கம்பெனி எத்தனை வருடம் இதைக் கவனித்துக்கொள்ளும் என்பது. இந்தக் கருவிகளில் தேய்ந்துபோகும்படியான சுழலும் பாகம் ஏதும் அநேகமாக இருக்காது. சரியான மின்சாரம் கொடுத்து, சூடாகாமல் பார்த்துக்கொண்டால் பல வருடம் ஓடும். ஆனால் வெளியிலிருந்து வரும் மூன்று விஷயங்களை அது நம்பியிருக்கிறது: படங்களின் திருட்டைத் தடுக்கும் பூட்டு முறை, இணையத்தில் ஆளடையாளம் காட்டும் டிஜிட்டல் சான்றிதழ்கள், ஆப் எழுதுபவர்களின் ஆதரவு. இந்த மூன்றில் ஒன்று போனாலும் கருவி உயிரோடு இருந்தும் பயனில்லை.

இது மூன்றுமே நடந்திருக்கிறது. ஸ்ட்ரீமிங் கருவிகள் செய்யும் ரோக்கு கம்பெனியின் ஆரம்பகாலப் பெட்டிகள் சில மைக்ரோசாஃப்டின் பழைய பூட்டு முறையை நம்பியிருந்தன. 2019 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் அவற்றைக் கைவிட்டது. 2012-ல் வந்த மூன்றாம் தலைமுறை ஆப்பிள் டிவி பெட்டியில் 2021 மார்ச்சில் யூடியூப் ஆப் நிறுத்தப்பட்டது. சான்றிதழ் விஷயம் இன்னும் விசித்திரமானது. இணையத்தில் ஒவ்வொரு சர்வரும் தான் உண்மையானவன் என்று காட்ட ஒரு சான்றிதழ் வைத்திருக்கும். அதைச் சரிபார்க்க உதவும் மூலச் சான்றிதழ்கள் கருவிக்குள் பதிந்திருக்கும். எல்லாவற்றுக்கும் காலாவதித் தேதி உண்டு. 2020 மே 30 அன்று பரவலாகப் பயன்பட்ட ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, ரோக்கு கருவிகள் பலவற்றில் சில சேனல்கள் திடீரென்று ஓடவில்லை. அப்டேட் செய்தபிறகுதான் சரியாயின.

2025 மார்ச்சில் நடந்ததையும் சொல்லவேண்டும். போனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்ப உதவும் கூகுளின் குரோம்காஸ்ட் கருவியின் இரண்டாம் தலைமுறை 2015-ல் வந்தது. அதன் அடையாளத்துக்கு ஆதாரமான ஒரு சான்றிதழின் பத்து வருட ஆயுள் அந்த மாதம் முடிந்துபோக, உலகம் முழுக்க அந்தக் கருவிகள் ஒரே நேரத்தில் நம்பகமற்றவையாகக் காட்டப்பட்டு நின்றுவிட்டன. சில நாட்களுக்குள் கூகுள் அப்டேட் அனுப்பிச் சரிசெய்தது. இதில் இரண்டு பாடம் இருக்கிறது. பெரிய கம்பெனியிலும் இப்படிக் கோட்டை விடுவார்கள் என்பது ஒன்று. பத்து வருடப் பழைய கருவிக்கும் அப்டேட் அனுப்ப ஒரு வழியும் அதைச் செய்ய ஆட்களும் அங்கே இருந்தார்கள் என்பது இன்னொன்று. நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அந்த இரண்டாவதைத்தான். இதே நிலைமை பெயரில்லாத ஒரு பெட்டிக்கு வந்திருந்தால் யாரிடம் கேட்பது?

அதனால் கம்பெனிகளின் பழைய நடத்தையைப் பாருங்கள். வருங்காலத்தைக் கணிக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இந்த விஷயத்தில் ஆப்பிளுக்குத்தான் முதலிடம் கொடுப்பேன். 2015-ல் வந்த ஆப்பிள் டிவியில், பத்து வருடம் கழித்து 2025-ல் வெளியான டிவிஓஎஸ் (ஆப்பிள் டிவியின் சிஸ்டம்) பதிப்பும் ஓடுகிறது. என்விடியாவின் ஆண்ட்ராய்டு பெட்டியான ஷீல்டும் இதற்குச் சளைத்ததில்லை: 2015-ல் வந்த முதல் மாடலுக்கு 2022-ல் ஆண்ட்ராய்டு 11 கொடுத்தார்கள். ஆண்ட்ராய்டு உலகில் அப்படி ஒரு பராமரிப்பு அபூர்வம். மறுபக்கம், கூகுள் தன் சொந்தப் பெயரில் 2014-ல் விட்ட நெக்ஸஸ் பிளேயருக்கு 2018-லேயே அப்டேட் நின்றுவிட்டது. ஒரே கம்பெனி ஒரு கருவியைப் பத்து வருடம் காப்பாற்றுகிறது, இன்னொன்றை நான்கு வருடத்தில் விட்டுவிடுகிறது. ஆகவே பிராண்டை மட்டும் பார்க்காமல், அந்தக் கருவி எவ்வளவு விற்கிறது, கம்பெனியின் வருமானத்துக்கு அது எவ்வளவு முக்கியம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பல லட்சம் பேர் கையில் இருக்கும் கருவியை அவ்வளவு லேசில் கைவிட முடியாது.

அமேசான் தன் ஃபயர் டிவி கருவிகளுக்கு, தன் தளத்தில் புதிதாக விற்பதை நிறுத்திய பிறகு குறைந்தது நான்கு வருடம் பாதுகாப்பு அப்டேட் உண்டு என்று எழுத்தில் சொல்கிறது. இது நல்ல பழக்கம். ஆனால் இதன் கணக்கை கவனியுங்கள்: நாட்கள் எண்ணப்படுவது நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து இல்லை, விற்பனை நின்ற தேதியிலிருந்து. விற்பனை முடிந்து வேறு யாரிடமோ தேங்கிக் கிடக்கும் பழைய மாடலைத் தள்ளுபடியில் வாங்கினால் அந்த நான்கு வருடத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே போயிருக்கும். எந்த பிராண்டாக இருந்தாலும் மாடல் எந்த வருடம் வந்தது என்று பார்த்துவிட்டே வாங்குங்கள். ஒரே பெயரில் மூன்று தலைமுறை இருக்கும், பெட்டியும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

இப்போது பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ். வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. 2023-ல் டி95 என்ற பெயரில் விற்ற பெட்டிகளில் கெடுமென்பொருள் தொழிற்சாலையிலிருந்தே உள்ளே வைத்து வந்திருந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதன் தொடர்ச்சியாகத் தெரியவந்த வலையமைப்புக்கு பேட்பாக்ஸ் என்று பெயர். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ இதன் அடுத்த வடிவமான பேட்பாக்ஸ் 2.0 பற்றிப் பொது எச்சரிக்கை விட்டது. அடுத்த மாதம் கூகுள் அதை நடத்துபவர்கள்மேல் வழக்குப் போட்டது. தன் சான்று பெறாத ஒரு கோடிக்கும் அதிகமான கருவிகள் அதில் சிக்கியிருப்பதாகச் சொன்னது. இப்படிப்பட்ட பெட்டி உங்கள் வீட்டு இணைப்பை வேறு யாருக்கோ வாடகைக்கு விடும். அவர்கள் செய்யும் மோசடிகள் உங்கள் ஐபி முகவரியிலிருந்து போனதாகப் பதிவாகும். வைரஸ் சிஸ்டத்துக்குள்ளேயே இருப்பதால் ரீசெட் செய்தாலும் போகாது. எல்லாச் சேனலும் வாழ்நாள் முழுக்க இலவசம் என்று ஒரு பெட்டி விளம்பரம் செய்தால், அதைத் தொடக்கூட வேண்டாம்.

கெடுமென்பொருள் இல்லாத சான்று பெறாத பெட்டி என்றாலும் இன்னொரு சிக்கல் வரும். ஆண்ட்ராய்டு கருவிகளில் வைடுவைன் என்ற பூட்டு முறைக்கு அடுக்குகள் உண்டு. எல்1 தகுதி இருந்தால்தான் ஹெச்டியும் 4கேயும் கிடைக்கும். எல்3 மட்டும் இருந்தால் பெரும்பாலான சேவைகள் 480 கோடு அளவிலேயே படத்தை நிறுத்திவிடும். நெட்ஃபிளிக்ஸ் அதற்குமேல் தனியாகவும் ஒப்புதல் கொடுக்கிறது. அந்த ஒப்புதல் இல்லாத பெட்டியில் போனுக்கான ஆப்பை ஏற்றித் தருவார்கள். பெட்டியின்மேல் 8கே என்று அச்சடித்திருக்கும், பெரிய திரையில் மங்கலான படம் ஓடும். வாங்கியாகிவிட்டது என்றால் பிளே ஸ்டோர் அமைப்புகளில் கூகுளின் பிளே புரொடெக்ட் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, நம்பகமான கம்பெனிதான் என்று முடிவாகிவிட்டது. அப்புறம் உள்ளே என்ன பார்ப்பது? நான் முதலில் கேட்பது சேமிப்பிடம் எவ்வளவு என்று. படம் எல்லாம் இணையத்திலிருந்துதானே வருகிறது, சேமிப்பிடம் எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். ஆப்கள் வருடத்துக்கு வருடம் பெரிதாகின்றன, அப்டேட் இறங்கவும் காலி இடம் வேண்டும். 2020-ல் வந்த கூகுள் டிவி குரோம்காஸ்டில் 8 ஜிபி கொடுத்தார்கள். சிஸ்டம் எடுத்ததுபோக பயனருக்குக் கிடைத்தது ஏறக்குறைய பாதிதான். அந்தக் கருவியில் இடம் போதவில்லை என்ற எச்சரிக்கை தீராத தலைவலியாக இருந்தது. சிப்பில் குறையில்லாமலே கருவி கிழடாகிப்போனது. கூகுள் 2024-ல் விட்ட கூகுள் டிவி ஸ்ட்ரீமரில் 32 ஜிபியும் 4 ஜிபி ராமும் வைத்திருப்பதிலிருந்தே அவர்களும் இதைப் புரிந்துகொண்டார்கள் என்று தெரிகிறது.

இடம் குறைவதில் இன்னொரு கெடுதல் வெளியே தெரியாது. இந்தக் கருவிகளில் இருப்பது ஃபிளாஷ் நினைவகம். அதன் ஒவ்வொரு செல்லையும் குறிப்பிட்ட தடவைதான் அழித்து எழுதமுடியும். காலி இடம் நிறைய இருந்தால் எழுத்து வேலை எல்லா இடத்துக்கும் பரவும். நிரம்பி வழியும்போது மிச்சமிருக்கும் கொஞ்ச இடத்திலேயே திரும்பத் திரும்ப எழுதி அழிக்கவேண்டி வரும். வேகமும் குறையும், தேய்மானமும் கூடும். பழைய ஸ்டிக் ரிமோட்டை அழுத்தினால் யோசித்து யோசித்து நகர்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே ஆண்ட்ராய்டு வகைக் கருவிகளில் 16 ஜிபிக்கும் 2 ஜிபி ராமுக்கும் கீழே போகாதீர்கள். ஐந்தாறு வருடம் வேண்டும் என்றால் 32 ஜிபியும் 3 அல்லது 4 ஜிபி ராமும் இருப்பது மேல். ரோக்குவின் சிஸ்டம் மிகச் சிக்கனமானது. அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

அடுத்தது, இணையத்தில் சுருக்கி அனுப்பப்படும் வீடியோவைக் கருவி விரிக்கும் முறைகள். ஹெச்.264 என்பது 2003-ல் வந்தது, எதிலும் ஓடும். 4கேவுக்கு ஹெச்இவிசியும் விபி9-உம் வேண்டும். இப்போதைய எல்லா 4கே கருவியிலும் இருக்கும். ஏவி1 என்ற புதிய முறை 2018-ல் இறுதியானது. அதே தரத்தை இன்னும் குறைந்த டேட்டாவில் அனுப்பலாம் என்பதால் யூடியூப் அதற்கு நகர்ந்துவருகிறது, நெட்ஃபிளிக்ஸும் 2021-லிருந்து டிவிகளுக்கு அதில் அனுப்புகிறது. புதிதாக வாங்கும்போது ஏவி1 சிப்பிலேயே இருந்தால் நல்லது. அதற்காக அது இல்லாததை ஒதுக்கிவிடவும் வேண்டாம். நான் மேலே புகழ்ந்த ஷீல்டிலும் 2022-ல் வந்த ஆப்பிள் டிவி 4கேயிலும் அது கிடையாது. சேவைகள் பழைய முறைகளிலும் படத்தை வைத்திருப்பதால் இன்றுவரை பாதகமில்லை. பராமரிப்பு, சேமிப்பிடம் இரண்டிலும் சமமாக இருக்கும் இரு கருவிகளுக்கு நடுவே தேர்ந்தெடுக்க மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டிக்காட்டும் டால்பி விஷன், ஹெச்டிஆர்10 பிளஸ் போன்ற முறைகளை உங்கள் டிவி காட்டுமா என்று முதலில் பாருங்கள். டிவியில் இல்லாததை எந்தக் கருவியாலும் கொடுக்கமுடியாது. டிவி 4கே என்றால் ஹெச்டிசிபி 2.2 என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டு உள்ள ஹெச்டிஎம்ஐ துளையில்தான் மாட்டவேண்டும். பழைய 4கே டிவிகளில் எல்லாத் துளையிலும் அது இருக்காது, தவறான துளையில் மாட்டிவிட்டு கருவியைக் குறை சொல்கிறவர்கள் உண்டு.

ஸ்டிக்கா பெட்டியா என்பதற்கு வருவோம். நீடித்து உழைக்க வேண்டும் என்பதே நோக்கம் என்றால் என் பதில் பெட்டி. காரணம் சூடு. ஸ்டிக் டிவிக்குப் பின்னால், சுவருக்கும் திரைக்கும் இடையே காற்றுப்புகாத இடத்தில் தொங்கும். தன் சூட்டோடு டிவியின் சூட்டையும் தாங்கவேண்டும். சூடு ஏறினால் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், படம் திக்கும். வருடக்கணக்கில் இது தொடர்ந்தால் நினைவகத்துக்கும் கெடுதல். வைஃபைக்கும் அது மோசமான இடம், டிவியின் உலோக உடம்பு சிக்னலை மறைக்கும். பெட்டியை வெளியே வைக்கலாம், லேன் கம்பி மாட்டும் துளையும் பலவற்றில் இருக்கும். ஆனால் மாடலைக் கவனிக்கவும்: 2022 ஆப்பிள் டிவி 4கேயில் 128 ஜிபி மாடலில் மட்டும்தான் லேன் துளை உண்டு.

ஸ்டிக்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், கூடவே வரும் குட்டி ஹெச்டிஎம்ஐ நீட்டிப்புக் கம்பியைத் தூக்கிப் போடாதீர்கள். அதை மாட்டினால் ஸ்டிக் டிவியிலிருந்து விலகி நிற்கும், சூடும் குறையும், வைஃபையும் தெளிவாகும்.

மின்சாரத்தில் ஒரு பழக்கத்தைக் கட்டாயம் கைவிடவேண்டும்: டிவியின் யூஎஸ்பி துளையிலிருந்து கருவியை ஓட்டுவது. சாதாரண யூஎஸ்பி 2.0 துளை கொடுப்பது 5 வோல்ட்டில் 0.5 ஆம்பியர், அதாவது 2.5 வாட். பெரும்பாலான ஸ்டிக்குகளுக்கு அதில் இரட்டிப்பு வேண்டும். போதாத மின்சாரத்தில் படம் விரியும் நேரத்தில் கருவி அணைந்து மறுபடி எழும். அதைவிட ஆபத்து, டிவியை அணைத்தால் அந்தத் துளையும் அணைந்துபோவது. அப்டேட்கள் பெரும்பாலும் நீங்கள் பார்க்காத நேரத்தில்தான் இறங்கும். பாதி எழுதும்போது மின்சாரம் போனால் சிஸ்டம் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. கருவியோடு வந்த அடாப்டரைச் சுவரில் மாட்டி எப்போதும் ஓடவிடுங்கள். மின்தடை, ஏற்றத்தாழ்வு உள்ள இடமென்றால் சர்ஜ் பாதுகாப்புள்ள பலகையில் மாட்டுவது நல்லது.

இணைய வேகத்துக்கு யாரும் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை. 4கேவுக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ், முழு ஹெச்டிக்கு 5. வேகத்தைவிட நிலையான இணைப்புதான் முக்கியம். ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அந்த அறைக்கு நன்றாக எட்டினால் அதில் போடுங்கள், எட்டாவிட்டால் லேன் கம்பி.

ரிமோட்டைப் பற்றி விமர்சனங்களில் ஒரு வரிகூட வராது, ஆனால் வீட்டில் முதலில் பழுதாவது அதுதான். கீழே விழும், பேட்டரி கசியும், ஒரு பட்டன் மட்டும் அமுங்காது. வாங்கும் முன்பே மாற்று ரிமோட் தனியாகக் கிடைக்கிறதா, போன் ஆப்பை ரிமோட்டாகப் பயன்படுத்தலாமா என்று பார்த்துவிடுங்கள். டிவியில் ஹெச்டிஎம்ஐ-சிஇசி என்ற வசதியைப் போட்டுவிட்டால் டிவி ரிமோட்டே கருவியையும் இயக்கும். ஒரு ரிமோட் போனால்கூட வீடு நின்றுபோகாது. வயதானவர்கள் பயன்படுத்துகிற வீடென்றால் ரோக்குவின் நேரான முகப்பும் பட்டன் குறைந்த ரிமோட்டும் மிக வசதி. உங்களுக்கு வேண்டிய சேவைகள் உங்கள் நாட்டில் ரோக்குவில் வருகின்றனவா என்று மட்டும் முன்கூட்டியே பார்க்கவும். எல்லா நாட்டிலும் அது விற்பனையில் இல்லை.

இவ்வளவும் சேர்த்து என் தேர்வைக் கேட்டால், ஒரே தடவை செலவு செய்துவிட்டு நீண்ட நாள் மறந்துவிட வேண்டும் என்பவருக்கு ஆப்பிள் டிவி 4கே. ஐபோன் இல்லாதவரும் பயன்படுத்தலாம், ஓர் ஆப்பிள் கணக்கு இருந்தால் போதும். முகப்பில் விளம்பரத் தொல்லை குறைவு, அதனாலும் கருவி கடைசிவரை சுறுசுறுப்பாக இருக்கும். ஆண்ட்ராய்டு பழகிய வீட்டுக்கு, போனிலிருந்து அனுப்பிப் பார்க்கும் வசதியும் வேண்டும் என்றால் கூகுள் டிவி ஸ்ட்ரீமர். சொந்தமாகச் சேர்த்துவைத்த பெரிய வீடியோ கோப்புகளை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஓட்டுபவருக்கு ஷீல்டு டிவி புரோ இன்னும் பொருத்தமானது; வன்பொருள் 2019-ஐச் சேர்ந்தது என்பது தெரிந்தே வாங்கவேண்டும். செலவு குறைவாக இருக்கவேண்டும் என்றால் 16 ஜிபி உள்ள ஃபயர் டிவி ஸ்டிக் 4கே மேக்ஸ். அமேசான் 2025-லிருந்து சில ஸ்டிக்குகளில் ஆண்ட்ராய்டை விட்டு வேகா என்ற தன் சொந்த சிஸ்டத்தைப் போடுகிறது. கடைக்கு வெளியிலிருந்து ஆப் ஏற்றும் பழக்கம் உள்ளவர்கள் எந்த சிஸ்டம் என்று பார்த்து வாங்கவேண்டும், வேகாவில் அது நடக்காது.

வந்ததும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், நீங்கள் சந்தா கட்டும் ஒவ்வொரு ஆப்பிலும் ஒரு 4கே படத்தைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, டிவியின் தகவல் பட்டனை அழுத்தி உண்மையிலேயே 4கே வருகிறதா என்று பாருங்கள். படத்தின் ஃபிரேம் வேகத்துக்குத் திரையை ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு இருந்தால் போட்டுவிடுங்கள். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், திரை 60 தடவை புதுப்பிக்கிறது. இரண்டும் பொருந்தாவிட்டால் கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் படம் வெட்டி வெட்டிப் போகும். முகப்பில் தானாக ஓடும் வீடியோ விளம்பரங்களை அமைப்புகளில் நிறுத்துங்கள். பயன்படுத்தாத ஆப்களை அவ்வப்போது நீக்கிவிடுங்கள்.

எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று உறுதியானதும், டிவிக்குக் கடைசியாக வந்திருக்கும் அப்டேட் எதுவும் பாக்கி இருந்தால் அதை ஏற்றிவிட்டு, டிவியின் சொந்த ஆப்களிலிருந்து உங்கள் கணக்குகளை வெளியேற்றி, அதன் வைஃபை இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன ஒரு பழைய சிஸ்டத்துக்கு வீட்டு நெட்வொர்க்கில் வேலை எதுவும் இல்லை.